கிருஷ்ணாயில் போச்சு, சிலிண்டர் வந்தது… அடுத்து குழாயா?

திருவான்மியூரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. ஏப்ரலும் மேயும் அதை இலவசமாகவே செய்துகொடுத்துவிடுகின்றன. மார்கழி விடியலில் மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பும் பெரியவர்கள்கூட ஒரு மப்ளரோடு சமாளித்துவிடுவார்கள். வீட்டுக்குள் நெருப்பு தேவைப்படுவது அடுப்பங்கரையில். அதை விட்டால் சளி பிடித்த வாரத்தில் குளிக்க வெந்நீர். அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சூண்டு நெருப்புக்காக இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. விறகு, கரி, மண்ணெண்ணெய், சிலிண்டர் என்று இரண்டு தலைமுறைக்குள் அடுப்பங்கரை அடியோடு மாறிவிட்டது. இப்போது நகரத்தின் சில பகுதிகளில் குழாய் வழி எரிவாயு வீட்டுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. "எங்க பிளாட்டுக்கு எப்ப வரும்?" என்று ஒரு கூட்டமும், "வந்தா எடுக்கலாமா வேணாமா?" என்று இன்னொரு கூட்டமும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுக்களில் பேசிக்கொண்டிருக்கின்றன.

அடுப்பை மாற்றும்போது சென்னைக் குடும்பம் கேட்கிற முதல் கேள்வி, நாளைக்கும் கிடைக்குமா என்பதுதான். சுடரின் நிறம், புகை, விலை எல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் வரும்வரை யாரும் பழைய அடுப்பைத் தூக்கிப் போட்டதில்லை. பரணில் ஏற்றி வைத்தார்கள். மண்ணெண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறிய கதையைப் பார்த்தால் இது புரியும்.

வரிசையில் நின்ற கேன்கள்

நாற்பது வயதைத் தாண்டிய சென்னைக்காரர்களிடம் கிருஷ்ணாயில் என்று சொன்னால் போதும், மூக்கு சுருங்கும். திரி ஸ்டவ்வில் வடித்த சோற்றில் மெலிதாக அந்த வாடை இருக்கும். பாத்திரத்தின் அடி கரிபிடித்துப் போகும். அதைத் தேய்க்கிற வேதனையைக் குறைக்க, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அடியில் ஈர மண்ணையோ சாம்பலையோ பூசிவிடுவார்கள். இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சிக்கூடம் வடிவமைத்த ‘நூதன்’ திரி ஸ்டவ், அதே எண்ணெயில் கொஞ்சம் கூடுதல் சூடு தரும் என்று நம்பி வாங்கப்பட்டது. பம்ப் ஸ்டவ் வைத்திருந்தவர்கள் தனி ஜாதி. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடேறிய பிறகு பம்ப் அடித்து, அடைத்துக்கொண்டால் பின் குத்தி, ஹோவென்ற இரைச்சலோடு சமைத்தவர்கள். பம்ப் ஸ்டவ் ரிப்பேருக்கென்றே நடைபாதையில் கடை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் இன்று எந்த வேலைக்குப் போனார்களோ!

‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி வாராவாரம் வந்த காலம் அது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு நகரத்தில் தனிப் பெயரே உண்டாயிற்று. அந்த ஸ்டவ்களில் எத்தனை உண்மையிலேயே வெடித்தன என்பது வேறு கதை. வரதட்சணைச் சாவுக்கென்று 1986-ல் தனிச் சட்டப்பிரிவே கொண்டுவர வேண்டியிருந்தது. எரிபொருளின் வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. மண்ணெண்ணெய் சமையலறையில் லிட்டர் கணக்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனாலேயே அது விபத்துக்கும் உதவியது, கொலைக்கும் உதவியது.

இவ்வளவு கஷ்டத்தையும் பொறுத்துக்கொண்டு அதை ஏன் விடாமல் பிடித்திருந்தார்கள்? ரேஷனில் மலிவாகக் கிடைத்தது. கிடைக்கும் நாள் தெரிந்திருந்தது. மண்ணெண்ணெய் பங்க் வாசலில் விடியலிலேயே கேன்கள் வரிசையில் நிற்கும். கேனுக்குப் பதில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனாலும் இடம் இடம்தான். கேனுக்குச் சொந்தக்காரர் எதிர்க்கடை நிழலில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். சண்டை, வசவு, அளவில் குறைவு எல்லாம் உண்டு. ஆனாலும் அட்டைக்கு உண்டானது வந்துவிடும்.

கேஸ் அப்படி இல்லை. இந்தியாவில் வீட்டு உபயோகத்துக்கான சிலிண்டர் 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தின் மூலம் வந்தது. ‘இண்டேன்’ 1965-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்குப் பின்னும் வெகுகாலம் கேஸ் இணைப்பு என்பது ஒரு அந்தஸ்து. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் கேஸ் கூப்பன் ஒதுக்கீடு இருந்தது. ஒரு கூப்பனுக்காக எம்.பி. வீட்டு வாசலில் சிபாரிசுக் கடிதத்தோடு நின்றவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். கல்யாணச் சீரில் கேஸ் இணைப்பு கேட்ட சம்பந்திகளும் உண்டு. 1990-களில் தனியார் நிறுவனங்களை அனுமதித்த பிறகும், காத்திருப்புப் பட்டியல் கரைந்த பிறகும்தான் நடுத்தர வர்க்கத்து அடுப்பங்கரையிலிருந்து மண்ணெண்ணெய் மெல்ல இறங்கியது.

இதில் ரேஷன் கடை ஆடிய ஆட்டம் சுவாரஸ்யமானது. தமிழ்நாட்டில் வீட்டில் எத்தனை சிலிண்டர் என்பதைப் பொறுத்துத்தான் மண்ணெண்ணெய் அளவு. சிலிண்டர் இல்லையென்றால் முழு அளவு, ஒரு சிலிண்டர் என்றால் குறைந்த அளவு, இரண்டு சிலிண்டர் என்றால் கிடையாது. அட்டையில் முத்திரை விழுந்துவிடும். இந்தக் கணக்கு மக்களுக்கு மனப்பாடம். இரண்டாவது சிலிண்டர் வாங்க வசதி இருந்தும் வாங்காமல் இருந்த வீடுகள் பல. ஒற்றைச் சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வர இரண்டு வாரம் ஆனால், அந்த இரண்டு வாரத்தைக் கடக்க மூன்று லிட்டரோ ஐந்து லிட்டரோ மண்ணெண்ணெய் இருக்கும். அரசாங்கத்தின் பார்வையில் இது மானியத்தை இரண்டு பக்கமும் அனுபவிப்பது. வீட்டுக்காரம்மாவின் பார்வையில் வேறு வழியே இல்லாத ஏற்பாடு. நான் வீட்டுக்காரம்மா பக்கம்தான்.

ஏழை வீடுகளில் பெரிய மாற்றம் 2007-க்குப் பிறகு வந்தது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்பை இணைப்போடு சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. அதே அரசின் இலவசக் கலர் டி.வி.யைக் கேலி செய்தவர்களால் இந்த அடுப்பைக் கேலி செய்ய முடியவில்லை. முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு அடுத்ததை நிரப்பக் காசில்லாமல் அடுப்பைத் துணி போட்டு மூடி வைத்த வீடுகளும் இருந்தன, உண்மை. ஆனால் இணைப்பு என்ற மதில் உடைந்துவிட்டது. எம்.பி. வாசலில் நிற்கத் தேவையில்லாமல் போனது.

மறுபக்கம் மண்ணெண்ணெயின் கழுத்தை டெல்லி மெல்ல நெரித்தது. மாநிலத்துக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. குறைக்காதீர்கள் என்று கோட்டையிலிருந்து கடிதங்கள் போனதுதான் மிச்சம். 2016 நடுவிலிருந்து ரேஷன் மண்ணெண்ணெயின் அடக்க விலை சிறிது சிறிதாக ஏறத் தொடங்கி, 2020-ல் மத்திய மானியம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கடலோரக் குப்பங்களில் மட்டும் அதன் வாடை இன்னும் போகவில்லை. ஃபைபர் படகின் அவுட்போர்டு இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், அதற்கு மானியமும் உண்டு. அடுப்பில் கேஸ், படகில் கிருஷ்ணாயில்.

முப்பது கிலோவைத் தூக்குவது யார்?

கேஸ் வந்ததும் புகை போனது, கரி போனது, நேரம் மிச்சமானது. இதையெல்லாம் விளம்பரங்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டன. அவை சொல்லாத ஒன்று, எடை. 14.2 கிலோ வாயு, ஏறக்குறைய அதே அளவு இரும்பு. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு. எல்.பி. ரோட்டுக்கு உள்ளே பழைய வீட்டுவசதி வாரிய பிளாக்குகளில் இதுதான் நிலைமை. சிலிண்டரைத் தோளில் ஏற்றிப் படியேறுகிறவரிடம், "தம்பி, கொஞ்சம் உள்ள வரைக்கும் உருட்டிவிட்டுடுப்பா" என்று அம்மா கேட்பார். "வச்சுடறேம்மா, ஓ.டி.பி. சொல்லுங்க" என்பார் அவர். பில்லுக்கு மேல் கையில் வைக்கும் தொகை பற்றி நகரத்தில் நடக்காத சண்டையில்லை. அந்தப் படிகளை நான் ஏறிப் பார்த்திருக்கிறேன், வெறுங்கையோடு. எனக்கு அந்தத் தொகை அதிகமாகத் தெரியவில்லை.

திருவான்மியூருக்கென்று ஒரு தனி வில்லங்கம் உப்புக்காற்று. வால்மீகி நகரில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்திலேயே சிலிண்டர் ஸ்டாண்டும் அடுப்பின் அடித்தகடும் போகும். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பகுதியில் இருக்கும் எழுத்தை எத்தனை பேர் பார்க்கிறோம்? ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டி வரை. பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கம் ஆண்டு. அந்தக் காலாண்டுக்குள் அந்த உருளை மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்க மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

மானியமும் விலையும் இந்தக் காலத்தில் பட்ட அலைக்கழிப்பு தனி. 2012 செப்டம்பரில் வருடத்துக்கு ஆறு மானிய சிலிண்டர்தான் என்றார்கள். சில மாதத்தில் ஒன்பது என்றார்கள், 2014-ல் பன்னிரண்டு. பிறகு மானியம் வங்கிக் கணக்குக்குப் போனது. அப்புறம் பெரும்பாலோருக்கு அது சத்தமில்லாமல் மறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியதும் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. இந்தியா எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. திருவான்மியூர் கிழக்கு மாட வீதியில் கொதிக்கும் சாம்பாருக்கும் ஹோர்முஸ் ஜலசந்திக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று நம் பாட்டிகள் நினைத்திருக்க மாட்டார்கள்.

எண்ணூரிலிருந்து அடுப்பங்கரைக்கு

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலேயே நிலக்கரி வாயுக் குழாய்கள் இருந்தன. குஜராத் நகரங்களில் முதலிலும், பிறகு மும்பையிலும் டெல்லியிலும் இயற்கை எரிவாயு வீட்டுக்கு வந்தது. சென்னைக்கு வராததற்குக் காரணம், பக்கத்தில் போதுமான வாயு இல்லை, தூரத்திலிருந்து கொண்டுவரக் குழாயும் இல்லை. காவிரிப் படுகையில் குத்தாலம், நரிமணம் பக்கம் ஓ.என்.ஜி.சி. எடுப்பது அங்கேயே மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போய்விடுகிறது. மேலும் எடுக்கலாம் என்று கிளம்பியபோது 2017-ல் நெடுவாசல் கிராமம் எதிர்த்து எழுந்தது. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. கெயில் குழாய் கொங்கு விவசாயிகளின் வயல்களுக்குள் பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. நகரத்து அடுப்பு நீலமாக எரிய யாருடைய நிலம் தோண்டப்படுகிறது என்ற கேள்வியைத் தமிழ்நாடு கேட்காமல் விட்டதில்லை.

கடைசியில் வழி கடல் பக்கமிருந்து திறந்தது. 2019 மார்ச்சில் எண்ணூரில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே மறுபடி வாயுவாக்குகிறார்கள். அதே ஆண்டு மணலியின் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை நாப்தா எண்ணெயை விட்டு இந்த வாயுவுக்கு மாறியது. எண்ணெயிலிருந்து வாயுவுக்குச் சென்னையில் நடந்த பெரிய மாற்றம் என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வீடுகளுக்கான உரிமம் 2018 ஏலத்தில் முடிவானது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்கள் டோரண்ட் கேஸ் நிறுவனத்துக்கு.

எண்ணூர் வடக்கு ஓரம், திருவான்மியூர் தெற்கு ஓரம். நடுவில் கூவம், அடையாறு, மெட்ரோ ரயில் பள்ளம், மழைநீர் வடிகால், மின்கேபிள், குடிநீர்க் குழாய். ரோடு வெட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வெட்டவே விடமாட்டார்கள். ‘எப்ப வரும்’ என்ற கேள்விக்கான பதில் பாதி இங்கேதான் புதைந்திருக்கிறது.

ஜெட் மாற்றும் வேலை

சரி, குழாய் வாசலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுப்புக்கு என்ன ஆகும்? சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவில் மீத்தேன் தரும் வெப்பம் சிலிண்டர் வாயு தருவதில் பாதிக்கும் குறைவு. அழுத்தமும் குறைவு. சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுப்பது சுமார் 30 மில்லிபார், குழாயில் 21. ஆகவே பர்னருக்கு அடியில் இருக்கும் ஜெட்டைக் கழற்றி, துளை பெரிதாக உள்ள வேறு ஜெட் போட வேண்டும். கம்பெனி ஆள் வந்து செய்கிற வேலை இது. தெருமுனை ஸ்டவ் மெக்கானிக்கிடம் ஆணியால் துளையைப் பெரிதாக்கச் சொல்வது வினையை விலைக்கு வாங்குவது. மாற்றாமல் விட்டால் சுடர் சுண்டிப்போகும். மாற்றிய அடுப்பை மறுபடி சிலிண்டரில் பொருத்தினாலோ மஞ்சளாக ஓங்கி எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் கிளம்பும். கிருஷ்ணாயில் காலத்துக் கரி திரும்பி வந்துவிட்டதே என்று தோன்றும்.

இந்த ஜெட் வேலையை ஒரு நாடு முழுவதும் செய்த கதை உண்டு. பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை, நிலக்கரி வாயுவிலிருந்து வடகடல் இயற்கை வாயுவுக்கு மாற, தெருத் தெருவாக வாயுவை நிறுத்தி, வீடு வீடாகப் புகுந்து, ஏறத்தாழ 4 கோடி அடுப்புகளையும் ஹீட்டர்களையும் கழற்றி மாட்டினார்கள். அவர்களுக்கு அது கட்டாயம், பழைய வாயு நின்றுவிட்டது. நமக்கு அது விருப்பம். அதனால்தான் இங்கே இத்தனை வாக்குவாதம்.

பாதுகாப்பு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். மீத்தேன் லேசு, மேலே ஏறும். சிலிண்டருக்குத் தரைமட்டக் காற்றோட்டம் முக்கியம் என்றால், குழாய் வாயுவுக்குக் கூரையோரம் வெண்டிலேட்டர் முக்கியம். அலங்கார மரவேலைக்காக அதை அடைத்துவிட்ட மாடுலர் கிச்சன்கள் அடையாறு முதல் நீலாங்கரை வரை நிறையவே இருக்கின்றன. அதைத் திறந்த பிறகு இணைப்பைப் பற்றிப் பேசலாம். இன்னொன்று, கேஸ் கீசர். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை மாட்டி உயிர்விட்டவர்கள் நாடெங்கும் உண்டு. வெளிச்சுவரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சென்னை வெயிலை நம்பி மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரிலேயே குளித்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. குழாய் வாயு பில்லில் அலகு ஸ்டாண்டர்ட் கன மீட்டர். ஒரு வீட்டு சிலிண்டர் தரும் வெப்பத்துக்குச் சுமார் 17 முதல் 18 கன மீட்டர் குழாய் வாயு வேண்டும். உங்கள் பகுதியில் சொல்லும் விலையை அந்த எண்ணால் பெருக்கி, வரியையும் மாதாந்திரக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்து, சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள் வராதது, மாநில வாட் வரிதான் என்பதையும் மறக்க வேண்டாம். லாபம் பெரிதாகத் தெரியாவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குழாயின் லாபம் பணத்தைவிடப் படிக்கட்டில் அதிகம். முப்பது கிலோ தூக்குவது நிற்கிறது, ‘தீர்ந்துபோச்சு’ என்ற வார்த்தை நிற்கிறது.

ஆனால் பரணில் எதை ஏற்றி வைப்பது? குழாய் வந்ததும் சிலிண்டர் இணைப்பை ஏஜென்சியிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள். மண்ணெண்ணெய்க் காலத்து ‘இரண்டும் வேண்டும்’ புத்தி இங்கே விழித்துக்கொள்கிறது. அது தப்பான புத்தி என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒன்று குழாயைக் கிழித்தால் தெருவே பட்டினி. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வைத்துக்கொள்வது இன்றைய கணக்குக்குச் சரி. ரேஷன் கடைக்காரர் முத்திரை குத்த முடியாத மாற்று வழி அது. 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் வேறு. மின்சாரமும் குழாயும் ஒரே நாளில் போகிற மழை நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் கடையில் கிடைக்கிறது. இஸ்திரி வண்டிக்காரர்கள் சிலர் கரிப்பெட்டியை விட்டு கேஸ் பெட்டிக்கு மாறியது அதை வைத்துத்தான்.

இனி அசோசியேஷன் கூட்டம். கட்டடத்துக்குள் குழாய் ஏறுவதற்குக் கணிசமான வீடுகள் கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சள் பூசிய இரும்புக் குழாய் வெளிச்சுவரில் ஏறும். உப்புக்காற்றில் அந்தப் பூச்சு எத்தனை வருஷம் தாங்கும், உரிந்தால் யார் செலவில் பூசுவது என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பெரிய சிக்கல் வாடகை வீடுகள். டைடல் பார்க் வந்த பிறகு திருவான்மியூரில் பாதிக்குப் பாதி வாடகைக்காரர்கள் என்று தோன்றும். சமைப்பவர் இங்கே, கையெழுத்துப் போட வேண்டிய வீட்டுக்காரர் நியூஜெர்சியில்.

எண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறும் விஷயம் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாததில்லை. அமெரிக்க வடகிழக்கில் குளிர்கால வீட்டுச் சூட்டுக்கு டீசலின் உறவுக்காரனான எண்ணெயை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பும் வழக்கம் இன்னும் உண்டு. மண்ணுக்கடியில் புதைத்த பழைய தொட்டி ஒழுகினால் வீட்டை விற்கவே முடியாமல் போகும். பர்னரை மாற்றி, தொட்டியைத் தோண்டி எடுத்து, வாயுப் புகை குளிர்ந்து ஈரமாகிச் சுவரை அரிக்காதபடி புகைபோக்கிக்குள் புதுக் குழாய் செருகி, பல ஆயிரம் டாலர் செலவில் கேஸுக்கு மாறியவர்கள் அங்கே கணிசம். அங்கே அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. நியூயார்க் நகரம் புதுக் கட்டடங்களில் கேஸே வேண்டாம், மின்சாரம் போதும் என்று 2021-ல் சட்டம் போட்டுவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்காரரிடம் வைப்புத்தொகைக்கும் கையெழுத்துக்கும் வாடகைக்காரர் செய்தி அனுப்புவார். இரண்டு நீல டிக் விழும். மறுநாள் பதில் வரும்: "இப்ப சிலிண்டர் நல்லாத்தானே போயிட்டிருக்கு? அடுத்த டிரிப்ல வந்து பார்த்துட்டு சொல்றேன்."